டெக்சாஸ் வாங்கிய மார்க்கேஸ்

காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் 2014 ஏப்ரல் 17ஆம் தேதி மெக்சிகோ நகரில் இறந்தார். அதே ஆண்டு நவம்பரில், அவர் விட்டுச்சென்ற கைப்பிரதிகளையும் கடிதங்களையும் ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஹாரி ரான்சம் மையம் வாங்கிவிட்டதாக அறிவிப்பு வந்தது. கொலம்பியாவில் பலருக்கு மனம் கசந்தது. நாட்டின் கலாச்சார அமைச்சரே தன் வருத்தத்தை மறைக்கவில்லை. அமெரிக்க வல்லாதிக்கத்தை வாழ்நாளெல்லாம் விமர்சித்தவர், ஃபிடல் காஸ்ட்ரோவின் நெருங்கிய நண்பர், பல ஆண்டுகள் அமெரிக்க விசா மறுக்கப்பட்டவர். அவருடைய தாள்கள் போய்ச் சேர்ந்த இடம் டெக்சாஸ்!

அதற்குப் பிறகு பத்தாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. 2015 அக்டோபரில் அந்தத் தாள்கள் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டன. 2017 டிசம்பரில் அவற்றில் பெரும்பகுதி இணையத்துக்கு வந்தது. 2020இல் பெரிய கண்காட்சி நடந்தது. 2024இல், அதே பெட்டிகளில் வரைவுகளாகக் கிடந்த ஒரு கதை நாவலாக அச்சேறி உலகமெங்கும் விற்பனைக்கு வந்தது. முதல் கோபம் தணிந்து, எடை போடுவதற்கு வேண்டிய சான்றுகள் சேர்ந்திருக்கின்றன. ஒரு பல்கலைக்கழகக் காப்பகம் எழுத்தாளர் ஒருவரின் தாள்களுக்கு என்ன செய்ய வேண்டும், இந்த மையம் அதில் எவ்வளவு செய்தது என்று பார்ப்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

எடை போட அளவுகோல் வேண்டும். அதை ஆங்கிலக் கவிஞர் பிலிப் லார்கினிடமிருந்து எடுத்துக்கொள்கிறேன். அவர் ஹல் பல்கலைக்கழகத்தின் நூலகராக இருந்தவர். பிரிட்டிஷ் எழுத்தாளர்களின் கைப்பிரதிகள் அமெரிக்காவுக்குக் கப்பலேறுவதைக் கண்டு 1970களின் கடைசியில் வேதனையோடு எழுதினார். ஒரு கைப்பிரதிக்கு இரண்டு மதிப்பு உண்டு என்பது அவர் வாதம். எழுத்தாளரின் கை பட்ட தாள், அவர் பேனா ஓடிய தடம் என்பதால் வரும் மாய மதிப்பு ஒன்று. எதை அடித்தார், எதை மாற்றினார், எப்படி யோசித்தார் என்று காட்டும் பொருள் மதிப்பு மற்றொன்று. லார்கின் காலத்தில் இரண்டும் ஒரே தாளில் ஒட்டிக்கிடந்தன. தாள் கடல் தாண்டினால் இரண்டும் தாண்டின. இன்று பொருள் மதிப்பைத் தாளிலிருந்து பிரித்து உலகம் முழுவதற்கும் கொடுத்துவிட முடியும். ஆகவே இன்றைய காப்பகத்திடம் நான் கேட்கும் முதல் கேள்வி, தாள் எங்கே இருக்கிறது என்பது அல்ல. அதன் பொருளை யார் யாருக்குக் கொடுத்திருக்கிறாய் என்பதுதான்.

ரான்சம் மையத்தின் குணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. டெக்சாஸ் ஒரு காலத்தில், 1836 முதல் 1845 வரை, தனி நாடாக இருந்தது. அப்படி இருந்த மாநிலத்துக்கு, பிரான்சின் தேசிய நூலகம்போல ஒன்று வேண்டும் என்று 1956இல் பல்கலைக்கழக நிர்வாகியான ஹாரி ரான்சம் பேசினார். அடுத்த ஆண்டே மையம் பிறந்தது. பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான மேற்கு டெக்சாஸ் வறண்ட நிலத்தில் 1923இல் எண்ணெய் பீறிட்டதிலிருந்து பணத்துக்குக் குறைவில்லை. ஹார்வர்டும் யேலும் பழைய அரிய நூல்களை ஏற்கெனவே வாரிக்கொண்டிருந்தன. அவற்றோடு அங்கே போட்டியிட்டுப் பயனில்லை என்று ரான்சம் கண்டுகொண்டார். இருபதாம் நூற்றாண்டு எழுத்தாளர்கள் பக்கம் திரும்பினார். முதற்பதிப்புகளோடு நிற்காமல் வரைவுகள், கடிதங்கள், மெய்ப்புகள், கணக்குச் சீட்டுகள்வரை வாங்கினார். உயிரோடு இருக்கும் எழுத்தாளரின் மேசை இழுப்பறைக்கும் விலை உண்டு என்ற நிலையை உருவாக்கியதில் ஆஸ்டினுக்குப் பெரும் பங்கு உண்டு. இன்று அங்கே குட்டன்பெர்க் பைபிள் இருக்கிறது, நியெப்ஸ் ஜன்னலிலிருந்து எடுத்த, இன்று எஞ்சியிருப்பவற்றில் மிகப் பழைய ஒளிப்படம் இருக்கிறது. ஜாய்ஸ், பெக்கெட், ஃபாக்னர் தொகுப்புகள் இருக்கின்றன. கர்நாடகத்தில் பிறந்து, அதே பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பித்த ராஜா ராவின் தாள்களும் அங்கேதான் சேர்ந்தன.

லத்தீன் அமெரிக்காவிலிருந்து அந்தப் பல்கலைக்கழகம் வாங்கியதும் மார்க்கேஸோடு தொடங்கவில்லை. மெக்சிகோ வரலாற்றாசிரியர் ஹெனாரோ கார்சியாவின் சொந்த நூலகத்தை அது 1921இலேயே வாங்கியது. அந்த விதையிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய பென்சன் லத்தீன் அமெரிக்கத் தொகுப்பு. பத்து லட்சத்துக்கு மேல் நூல்கள் கொண்டது. ஆக, மார்க்கேஸை ஆராய வருபவர் ஒரே வளாகத்தில் அவரையும், அவர் ஆசான்களாகக் கொண்டாடிய ஃபாக்னரையும் ஜாய்ஸையும், அவர் கண்டத்தின் வரலாற்றையும் ஒருங்கே படிக்கலாம். மையம் தன் தரப்பில் சொன்ன வாதங்களில் மறுக்க முடியாதது இதுவே.

விலை விஷயத்தில் மையம் நடந்துகொண்ட முறை வேறு கதை. என்ன கொடுத்தோம் என்று சொல்ல மறுத்தார்கள். வெளியே தெரிந்தால் அடுத்த பேரத்தில் தங்கள் கை தாழ்ந்துவிடும் என்றார்கள். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் தகவல் கேட்பதை விடவில்லை. டெக்சாஸ் மாநில அட்டர்னி ஜெனரல் வெளியிடத்தான் வேண்டும் என்று சொன்ன பிறகே 22 லட்சம் டாலர் என்ற தொகை வெளியே வந்தது. இந்த மறைப்பை நான் பெரிய குற்றமாகவே பார்க்கிறேன். மக்கள் பல்கலைக்கழகம் அது. அதன் வேலையே நேற்றைய ரகசியங்களை நாளைய ஆய்வாளருக்குத் திறந்துவைப்பது. தன் கணக்கை மட்டும் மூடிவைத்துக்கொள்வேன் என்று அது சொல்வது அந்த வேலைக்கே எதிரானது.

தொகை வெளிவந்ததில் ஒரு நன்மையும் உண்டு, ஒப்பிட முடிகிறது. வாட்டர்கேட் ஊழலை வெளிக்கொண்டுவந்த உட்வர்டு, பெர்ன்ஸ்டீன் இருவரின் குறிப்புகளுக்கு அதே மையம் 2003இல் 50 லட்சம் டாலர் கொடுத்தது. நார்மன் மெய்லருக்கு 25 லட்சம். இயான் மெக்கீவனுக்கு, மார்க்கேஸை வாங்கிய அதே 2014இல், 20 லட்சம். நோபல் பரிசு பெற்ற கூட்ஸியின் தாள்களுக்கு 15 லட்சம். மெய்லரின் தொகுப்பு அளவில் மிகப் பெரியது என்பதால் அதை அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நியாயமல்ல. ஆனாலும் ஸ்பானிய மொழியின் இருபதாம் நூற்றாண்டை மாற்றியமைத்த ஒருவருக்கும், நல்ல ஆங்கில நாவலாசிரியர் ஒருவருக்கும் இடையே இரண்டு லட்சம் டாலர்தான் வித்தியாசம் என்பது யோசிக்க வைக்கிறது. இந்தச் சந்தை ஆங்கிலத்தில் எண்ணுகிறது.

இனி, கொள்ளை என்ற குற்றச்சாட்டு. அதை நான் ஏற்கவில்லை. காலனியாட்சியில் படகில் அள்ளிச்சென்ற பொருள் அல்ல இது. உரிமையுள்ள குடும்பம், விரும்பி, விலை பேசி விற்றது. மார்க்கேஸ் கொலம்பியாவில் பிறந்தாலும் அவர் வாழ்வின் பெரும்பகுதி, ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ எழுதிய காலம் உட்பட, மெக்சிகோவில் கழிந்தது. நாடு என்று பார்த்தால் இரண்டு நாடுகள் உரிமை கோரலாம். மேலும் குடும்பம் கொலம்பியாவை வெறுங்கையோடு விட்டுவிடவில்லை. நோபல் பதக்கமும் சான்றிதழும் ஒரு தட்டச்சு இயந்திரமும் பொகோட்டாவிலுள்ள தேசிய நூலகத்துக்குப் போயின. 2016இல் அவருடைய அஸ்தி கார்த்தஹேனாவுக்கு வந்தது. லார்கினின் கணக்கில் சொன்னால், மாய மதிப்பின் பெரும் பங்கு ஊர் திரும்பிவிட்டது. பொருள் மதிப்புதான் ஆஸ்டினுக்குப் போனது.

அமெரிக்க எதிர்ப்பாளரின் தாள் அமெரிக்காவிலா என்ற கேள்வி இதைவிடக் கனமானது. 1961இல் கியூபாவின் பிரென்சா லத்தினா செய்தி நிறுவனத்துக்காக நியூயார்க்கில் வேலை பார்த்தார் மார்க்கேஸ். அதை விட்டதும் மனைவி மெர்சிடஸோடும் குழந்தையோடும் பஸ் ஏறினார். ஃபாக்னரின் தென்மாநிலங்களைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காக அந்த வழியே போய், டெக்சாஸின் லரேடோ எல்லையைக் கடந்து மெக்சிகோ சென்றார். எஃப்பிஐ அந்த ஆண்டுதான் அவர் பெயரில் ஒரு கோப்பைத் திறந்தது. 24 ஆண்டுகள் அவரைக் கண்காணித்தது. 2015இல் அதிலிருந்து 137 பக்கங்கள் வெளியே வந்தன. விசா முதலில் மறுக்கப்பட்டது, பின்னர் நிபந்தனையோடு கொடுக்கப்பட்டது; கிளின்டன் காலத்தில்தான் அந்தத் தடை முற்றிலும் நீங்கியது. ஆக, ஆஸ்டினுக்கு முன்பே அமெரிக்காவில் மார்க்கேஸுக்கு ஒரு காப்பகம் இருந்தது. அது அவரைச் சந்தேகித்தவர்கள் சேர்த்தது. அவரைப் படிக்க விரும்பியவர்கள் சேர்த்த இன்னொன்று அதே நாட்டில் இருப்பதை நான் தோல்வியாக எண்ணவில்லை. ஆனால் அந்த விசா விஷயம் பின்னால் மீண்டும் வரும்.

பெட்டிகளுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம். பத்து நூல்களின் வரைவுகள், இரண்டாயிரத்துக்கு மேல் கடிதங்கள் (கார்லோஸ் ஃபுவென்டஸ், கிரஹாம் கிரீன் எழுதியவை அவற்றில் உண்டு), நாற்பதுக்கு மேல் புகைப்பட ஆல்பங்கள், 1982 நோபல் உரையின் வரைவு, இரண்டு ஸ்மித் கொரோனா தட்டச்சு இயந்திரங்கள், ஐந்து ஆப்பிள் கணினிகள். கேட்க நிறைவாக இருக்கிறது. ஆனால் மார்க்கேஸ் தன் பட்டறையை யாருக்கும் காட்ட விரும்பாதவர். திருமணத்துக்கு முன் மெர்சிடஸுக்கு எழுதிய கடிதங்களை அவரிடமிருந்தே விலைக்கு வாங்கி அழித்தவர். ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ அச்சானதும், அந்த நாவலுக்காக நிரப்பிய குறிப்பேடுகளைக் கணவனும் மனைவியுமாக உட்கார்ந்து கிழித்துப்போட்டார்கள். ஆகவே ஆஸ்டினில் இருக்கும் அந்த நாவல், முடிந்த நிலையிலுள்ள தட்டச்சுப் பிரதிதான். அது எப்படி உருவானது என்பதைச் சொல்லும் தாள் அங்கே இல்லை.

அந்தத் தட்டச்சுப் பிரதியின் கதையை அவரே எழுதியிருக்கிறார். 1966 ஆகஸ்டில், அவரும் மெர்சிடஸும் 590 பக்கக் கட்டோடு மெக்சிகோ நகரத்தின் தபால் அலுவலகத்துக்குப் போகிறார்கள். புவெனோஸ் அய்ரெஸ் பதிப்பாளருக்கு அனுப்ப 82 பெசோ ஆகும் என்கிறார் தபால்காரர். கையில் இருந்தது 53. கட்டைப் பிரித்துப் பாதியை எடை போட்டு அனுப்பிவிட்டு வீடு திரும்புகிறார்கள். ஹீட்டர், முடி உலர்த்தும் கருவி, மிக்ஸி என்று எஞ்சியிருந்ததை அடகு வைத்து மீதியை அனுப்புகிறார்கள். முதலில் போனது நாவலின் பின்பாதி என்பது பிறகுதான் தெரிகிறது. ஒரு மூலப்பிரதி, மூன்று கார்பன் நகல்கள். ஒன்றை நண்பர் ஆல்வரோ மூட்டிஸ் கையோடு அர்ஜென்டினாவுக்கு எடுத்துப்போனார். ஒன்று மெக்சிகோ நண்பர்கள் கையில் சுற்றியது. ஒன்று கொலம்பியாவின் பாரன்கியா நகர நண்பர்களுக்குப் போனது. அவர் கையால் திருத்திய மெய்ப்புத் தாள்களோ, திரைப்பட இயக்குநர் லூயிஸ் அல்கோரிசாவுக்கு அன்பளிப்பாகப் போய், 2001இல் பார்சிலோனா ஏலத்தில் வாங்க ஆளில்லாமல் நின்றன. இப்படிச் சிதறிப்போன ஒரு நூலின் வரலாற்றை ஒரே கட்டடம் எப்படிச் சொல்லும்?

சொல்லவில்லை. வேறு வழியில்தான் வெளிவந்தது. நாவல் புத்தகமாவதற்கு ஓராண்டு முன்பு, 1966 மே 1ஆம் தேதி, அதன் முதல் அத்தியாயம் பொகோட்டாவின் எல் எஸ்பெக்தாதோர் நாளிதழில் வந்தது. வேறு அத்தியாயங்களும் வெவ்வேறு நாட்டு இதழ்களில் வந்தன. சமூகவியலாளர் ஆல்வரோ சந்தானா அக்குன்யா அந்த இதழ்ப் பக்கங்களை 1967 நூலோடு வரிக்கு வரி ஒப்பிட்டார். வாசகர் எதிர்வினையை அறிந்துகொண்டு மார்க்கேஸ் எப்படித் திருத்தினார் என்பதைக் காட்டினார். 2020இல் வந்த அவர் ஆய்வு நூலும், அதே ஆண்டு ரான்சம் மையத்தில் அவர் அமைத்த கண்காட்சியும் இந்த உழைப்பின் பலன். எழுத்தாளர் கிழித்ததை ஒரு நாளிதழ் தன்னை அறியாமலே காப்பாற்றி வைத்திருந்தது! இது ரான்சம் மையத்தின் குறை அல்ல. ஆனால் காப்பகம் காட்டும் மார்க்கேஸ், பிற்கால மார்க்கேஸ். ஐம்பது வயதுக்குப் பிந்தியவரின் பட்டறைக்குச் சான்று குவிந்துகிடக்கிறது. முப்பத்தெட்டு வயதில் பதினெட்டு மாதம் அறைக்குள் அடைந்து எழுதியவரின் பட்டறை ஏறக்குறைய வெறுமை. இதை மறந்துவிட்டு அந்தப் பெட்டிகளை வைத்தே ‘மார்க்கேஸ் எழுதிய முறை’ என்று பொதுவாகப் பேசும் ஆய்வுகளை நம்பக் கூடாது.

பிற்கால நூல்களைப் பொறுத்தவரை அந்தப் பெட்டிகள் பொக்கிஷம்தான். லத்தீன் அமெரிக்க விடுதலைத் தலைவர் பொலிவாரைப் பற்றிய, ‘சிக்கலில் தளபதி’ என்று தமிழில் சொல்லத்தக்க நாவலை எடுத்துக்கொள்ளலாம். தான் பிறப்பதற்கு முன்பே போர்களில் வென்ற ஒரு ராணுவ வீரர், தன் அன்புக் கணவரோடு ஐரோப்பா போன ஒரு விதவை என்று தன் பிரதியில் புகுந்த அபத்தங்களை நண்பர் ஒருவர் சல்லடை போட்டுப் பிடித்துக் கொடுத்ததை நூலின் நன்றியுரையிலேயே மார்க்கேஸ் ஒப்புக்கொள்கிறார். வரலாற்றைக் கதையாக்கும் எவரும் இத்தகைய வரைவுகளிலிருந்து கற்றுக்கொள்ளலாம். 1980களின் நடுவில் அவர் கணினிக்கு மாறினார். திரையில் அழித்தது தடமில்லாமல் போய்விடும் என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் அச்செடுத்து, பேனாவால் திருத்தி, மறுபடி அச்செடுப்பது அவர் பழக்கம். அதனால் கணினிக் கால நூல்களுக்கே அடுத்தடுத்த வரைவுகள் வரிசையாகக் கிடைக்கின்றன.

இங்கேதான் மையம் செய்த மிகச் சிறந்த காரியம் வருகிறது. வெளியிலிருந்து ஒன்றேகால் லட்சம் டாலர் அளவில் நல்கை பெற்று, ஏறக்குறைய 27,000 பக்கங்களை ஸ்கேன் செய்து, 2017 டிசம்பரில் இலவசமாக இணையத்தில் வைத்தார்கள். காப்புரிமை முடிந்த பழைய நூல்களை இப்படி வைப்பது சாதாரணம். இறந்து மூன்றே ஆண்டான, உலகெங்கும் விற்கும் எழுத்தாளரின் வரைவுகளைக் குடும்பத்தின் சம்மதத்தோடு இவ்வளவு விரிவாக வைத்தது அரிது. எழுத்தாளர் குடும்பங்கள் பொதுவாக ஒரு பக்கத்தின் நகலுக்கே தயங்கும். மார்க்கேஸின் மகன்கள் தயங்கவில்லை. தன்வரலாற்றின் எழுதி முடியாத இரண்டாம் பாகத்திலிருந்து 32 பக்கம்கூட அதில் உண்டு.

பக்கங்களை வைத்ததோடு நிற்காமல், படிப்பதற்கேற்ற முறையில் வைத்தார்கள் என்பது இன்னும் முக்கியம். ஒரே திரையில் இரண்டு வரைவுகளை அருகருகே திறக்கலாம். இடப்பக்கம் பழைய அச்சு, ஓரத்தில் பேனாத் திருத்தம். வலப்பக்கம் அடுத்த அச்சு. திருத்தம் ஏறியிருக்கிறதா, ஏறிய பிறகு மறுபடி மாறியதா என்று சொல்லுக்குச் சொல் பார்க்கலாம். பெரிதாக்கினால் பேனா அழுத்திய இடம் தெரிகிறது. படிப்பறையில் மூலத்தையே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாலும் பல காப்பகங்களில் ஒரு நேரத்தில் ஒரு கோப்பைத்தான் மேசையில் திறக்க விடுவார்கள். அந்த வகையில் திரை, மூலத் தாளையே மிஞ்சுகிறது. 2013இல் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ தமிழில் வந்ததிலிருந்து இங்கே மார்க்கேஸைத் தீவிரமாகப் படிப்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். ஸ்பானிய மொழி கொஞ்சம் தெரிந்த திருநெல்வேலிக்காரர் ஒருவர், ஆஸ்டினில் இருப்பவர் பார்க்கும் அதே பக்கத்தை அதே தெளிவில் பார்க்கலாம். கொள்ளை என்ற குற்றச்சாட்டுக்கு மையம் சொன்ன சரியான பதில் இதுதான். வேறு எந்த அறிக்கையும் அல்ல.

ஆனால் பதில் பாதியில் நிற்கிறது. அந்த 27,000 பக்கம், தொகுப்பில் பாதிக்குச் சற்று மேல். எஞ்சியதைப் பார்க்க ஆஸ்டினுக்குப் போக வேண்டும். மையம் ஆண்டுதோறும் ஆய்வாளர்களுக்கு உதவித்தொகை கொடுத்து வரவழைக்கிறது. அதைக் குறைத்து மதிப்பிட முடியாது. உதவித்தொகை பயணச் செலவைத் தீர்க்கும். விசாவைத் தீர்க்காது. மார்க்கேஸ் பிறந்த அரகடாகாவிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியரோ, பாரன்கியாவிலிருந்து ஒரு முனைவர் பட்ட மாணவரோ, தங்கள் நாட்டில் பிறந்தவரின் மீதிப் பக்கங்களைப் பார்க்க அமெரிக்கத் தூதரக வரிசையில் நிற்க வேண்டும். ஒரு காலத்தில் அந்த எழுத்தாளருக்கே மறுக்கப்பட்ட அனுமதி அது. தாளின் இருப்பிடம் முக்கியமல்ல என்று மேலே சொன்னேன். பொருள் முழுவதும் வெளியே வந்தால்தான் அந்த வாதம் நிற்கும். பாதி உள்ளே இருக்கும்வரை கொலம்பியர்களின் மனக்கசப்புக்கும் பாதி நியாயம் இருக்கிறது. கண்காட்சியை 2022இல் மெக்சிகோ நகரத்துக்கு எடுத்துச் சென்றது நல்ல தொடக்கம். ஆனாலும் கண்ணாடிப் பேழைக்குள் பார்ப்பதும் புரட்டிப் படிப்பதும் ஒன்றல்ல.

அந்த வெளிவராத பாதிக்குள் இருந்த ஒன்றுதான் பெரிய சோதனையாக வந்தது. 1999 மார்ச்சில், மாட்ரிட் அரங்கு ஒன்றில், மார்க்கேஸ் ஒரு புதிய கதையை வாசித்தார். ஆண்டுதோறும் ஆகஸ்ட் 16 அன்று தாயின் கல்லறைக்குப் பூ வைக்க ஒரு தீவுக்குப் போகும் அன்னா மக்தலேனா பாக் என்ற நடுவயதுப் பெண்ணின் கதை. அதை வளர்த்துக்கொண்டே போனார். வரைவுகள் பத்துவரை சேர்ந்தன. நினைவு தேயத் தொடங்கியது. கடைசியில், இது தேறாது, அழித்துவிட வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொன்னார். அவர்கள் அழிக்கவில்லை, வெளியிடவும் இல்லை. மற்ற தாள்களோடு ஆஸ்டினுக்கு அனுப்பினார்கள். 2017 இணையத் தொகுப்பில் அந்தப் பத்து வரைவுகள் இடம்பெறவில்லை. பிறகு படிப்பறைக்கு வந்த ஆய்வாளர்கள் படித்தார்கள். படித்த சிலர் நல்ல வார்த்தை சொன்னார்கள். மகன்கள் மனம் மாறினார்கள். 2024 மார்ச் 6, அவருடைய பிறந்தநாளில், ‘ஆகஸ்டில் சந்திப்போம்’ வெளிவந்தது.

மகன்களின் வாதம் எளிதில் தள்ளக்கூடியதல்ல. கதையை முடிக்க விடாமல் தடுத்த அதே மறதி, அதன் தரத்தை அறியவும் விடாமல் தடுத்திருக்கலாம் அல்லவா என்கிறார்கள். தாங்கள் செய்தது ஒருவிதத் துரோகம் என்பதையும் முன்னுரையில் மறைக்காமல் சொல்கிறார்கள். இன்னொரு பக்கம் இதையும் யோசிக்க வேண்டும்: அழிக்கத் தெரிந்தவர் மார்க்கேஸ். குறிப்பேடுகளையும் காதல் கடிதங்களையும் கிழித்த கை, இந்த வரைவுகளைக் கிழிக்கவில்லை. அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளலாமா? நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். கிழிக்க வேண்டும் என்பதையே நினைவில் வைத்திருக்க முடியாத நிலைக்கு அவர் போய்க்கொண்டிருந்தார். நோயின் மௌனத்தைச் சம்மதமாக மொழிபெயர்ப்பது நியாயமல்ல.

நூலாகப் படித்தால், அதில் நல்ல பக்கங்கள் உண்டு. தீவின் வெக்கை, படகுத்துறை, அந்தப் பெண்ணின் பதற்றம் எல்லாம் அவர் கையின் தடம்தான். ஆனால் அத்தியாயங்கள் ஒன்றையொன்று திரும்பச் சொல்கின்றன. மார்க்கேஸின் சிறந்த குறுநாவல்களில் முதல் வரியிலேயே தெரியும் அந்தத் தவிர்க்க முடியாமை இதில் இல்லை. பதிப்பாசிரியர் கிறிஸ்தோபல் பெரா, ஐந்தாவது வரைவை அடிப்படையாகக் கொண்டு, மார்க்கேஸின் செயலாளர் காத்து வைத்திருந்த கணினிக் கோப்பிலிருந்தும் எடுத்து, ஒரு பிரதியை அமைத்தார். மனசாட்சியோடு செய்த வேலை என்றே தோன்றுகிறது. என்றாலும் எந்தத் திருத்தத்தை ஏற்றார், எதை விட்டார் என்பதை வாசகர் சரிபார்க்க வழியில்லை. நூலின் கடைசியில் சில பக்கங்களின் நகல் இருக்கிறது. அது நினைவுப் பொருளாகத்தான் ஆகும், சான்றாக ஆகாது. தச்சன் மேசையில் பாதி இழைத்துக் கிடந்த மரத்தை நாற்காலி என்று விற்றால், உட்காருபவர் தச்சனைத்தான் குறை சொல்வார். மார்க்கேஸுக்கு நேர்ந்தது அதுதான். உலகெங்கும் மதிப்புரைகள் பலவீனங்களை அவர் பெயரிலேயே எழுதின.

இதில் ரான்சம் மையத்தின் பொறுப்பு எவ்வளவு? அழிக்காமல் வைத்தது சரி. அழிப்பது காப்பகத்தின் வேலை அல்ல, அதற்கு அந்த உரிமையும் இல்லை. ஆய்வாளருக்குப் படிக்கக் கொடுத்ததும் சரி. ஒரு பெரிய எழுத்தாளர் தன் நினைவோடு போராடிக்கொண்டே பத்து முறை எழுதிப்பார்த்ததன் பதிவு அது. மருத்துவமும் இலக்கியமும் சேர்ந்து கற்க வேண்டிய ஆவணம். வெளியிடும் முடிவு குடும்பத்துடையது. தாளை வாங்கியவருக்குச் சொற்கள் சொந்தமாவதில்லை; காப்புரிமை குடும்பத்திடமே இருக்கிறது. இதுவரை மையத்தின் மேல் பழி இல்லை.

ஆனால் தாளை வாங்கும் நாள்தான் ஒரு காப்பகத்துக்குக் குடும்பத்தோடு பேரம் பேச வலுவுள்ள ஒரே நாள். 22 லட்சம் டாலர் கொடுக்கும்போது, எந்தப் பக்கம் எந்த ஆண்டில் எல்லாருக்கும் திறக்கப்படும் என்பதையும் சேர்த்தே எழுதி வாங்கியிருக்க வேண்டும். பாதிக்கு மேல் 2017இல் அனுமதி கிடைத்தது என்பதே, கேட்டிருந்தால் மீதிக்கும் ஒரு கால அட்டவணை கிடைத்திருக்கும் என்பதற்குச் சான்று. ஆகஸ்ட் கதைக்கு உரிய வடிவமும் அப்போது கிடைத்திருக்கும்: பத்து வரைவுகளும் திரையில் வரிசையாக, இது முடிவடையாதது என்ற குறிப்போடு. மார்க்கேஸின் விருப்பத்துக்கு அது நூறு சதவீதம் உடன்பட்டிருக்காது. ஆனால் அவர் முடிக்காத ஒன்றை முடித்ததாகக் காட்டியிருக்காது.

என் தீர்ப்பு இது. வாங்கியது தவறல்ல. விலையை மறைத்தது தவறு. 27,000 பக்கங்களைத் திறந்தது, சமகால எழுத்தாளர் ஒருவரின் தாள்களுக்கு ஒரு பல்கலைக்கழகம் செய்திருக்கும் மிகப் பெரிய கொடைகளில் ஒன்று. மற்றக் குறைகளை எல்லாம் தாண்டி நான் இந்த மையத்தின் பக்கம் நிற்பதற்குக் காரணம் அதுவே. ஆனால் ‘ஆகஸ்டில் சந்திப்போம்’ கடைக்கு வந்த நாளிலிருந்து அதன் வரைவுகளுக்கு எந்த மறைப்பும் பொருந்தாது. அந்தரங்கம் காக்க வேண்டும் என்ற வாதம், நூல் விற்பனைக்கு வந்ததுமே முடிந்துவிட்டது. விற்பனை பாதிக்கும் என்ற வாதமும் நிற்காது; மற்ற நாவல்களின் வரைவுகள் இத்தனை ஆண்டுகள் இலவசமாக இருந்தும் அந்த நாவல்கள் விற்காமல் போகவில்லை. பத்து வரைவுகளையும், பெரா பயன்படுத்திய ஐந்தாவதை அச்சு நூலோடு பொருத்திப் பார்க்கும் வசதியையும், மற்ற பக்கங்களுக்குக் கொடுத்த அதே முறையில் கொடுக்க வேண்டும். அதோடு, மூலத் தாள்களைப் பொகோட்டா தேசிய நூலகத்தின் படிப்பறைக்கும் காலமுறையில் கடனாக அனுப்பலாம். தட்டச்சு இயந்திரம் அங்கே, பக்கங்கள் ஆஸ்டினில் என்ற நிலை எப்போதும் இருக்க வேண்டியதில்லை.

காப்புரிமை தானாக முடியட்டும் என்று காத்திருந்தால், கொலம்பியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்து 80 ஆண்டுகள், அதாவது 2094 ஆகிவிடும். குடும்பம் ஒருமுறை தாராளமாகச் சரி என்று சொல்லியிருக்கிறது. மறுபடி போய்க் கேட்க வேண்டியது ஆஸ்டினின் வேலை.